லைன் கிளியர்

ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாயிற்று. இனி இந்த வீட்டில் எவனும் எதையும் போட்டுவிட முடியாது. ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. கூடத்து ஃபேன் சட்டென்று நிற்காமல் நாலு சுற்று, மூன்று, இரண்டு என்று இழுத்துக்கொண்டே போய் நின்றது. ஆவுடையப்பன் மீட்டர் பெட்டியின் மரக்கதவைப் பிடித்தபடி நின்றார். கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. முப்பத்தோரு வருஷம், முப்பத்தோரு வரி. வருஷம், கட்டையைப் பிடுங்கிய நேரம், திரும்பப் போட்ட நேரம். மாசி ஒன்று என்றால் இந்த வீட்டில் சம்ப் கழுவணும், மேல்தொட்டி கழுவணும், மோட்டாரைப் பிரித்துப் பார்க்கணும், போர்டில் ஒயர் இளகியிருந்தால் முறுக்கணும், எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் விடணும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடணும். பொங்கலை மறந்தாலும் மறப்பார், மாசி ஒன்றை மறக்க மாட்டார். நூலில் தொங்கிய பென்சிலால் இந்த வருஷத்தை எழுதி 9.10 என்று போட்டார். மேல் வரியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். கண் கேட்கவில்லை. போன வருஷம். 9.35. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை, மரம்தான். கதவைச் சாத்தினார். சாப்பாட்டு மேஜையில் டார்ச் லைட்டுக்கு அடியில் அந்தக் காகிதம் இருந்தது. மகள் வேணி டைப் அடித்துக் கொண்டுவந்து வைத்தது. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்வாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்குக் கொம்பையா மேல் விசாரணை. கொம்பையா இந்த ஏரியா லைன்மேன், ஆவுடையப்பன் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தபோது அவரிடம் வேலை பழகியவன். மே மாசம் ரிடையர் ஆகப் போகிறவன். இந்தக் காகிதம் போனால் ரிடையர் ஆகிற நாளன்று சாயங்காலம் சஸ்பெண்ட் ஆர்டரைக் கையில் கொடுப்பார்கள். மாலையும் இல்லை, பென்ஷனும் இல்லை. காகிதத்தில் மேலே தேதி, கீழே இரண்டே வாக்கியம். அன்று காலை ஒன்பதரை மணியிலிருந்து பன்னிரண்டே கால் வரை எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. லைன்மேன் முன்னறிவிப்பில்லாமல் மின்சாரத்தை நிறுத்தியதால் ஆக்ஸிஜன் கருவி நின்று என் மனைவி சௌந்தரம் இறந்தாள். முதல் வாக்கியத்தில் ஒரு பொய் கிடையாது. கால் மணி முன்னே பின்னே இருக்கலாம். இரண்டாவதுதான்.

சம்ப் மூடியைக் கடப்பாரையால் நெம்பினார். நேற்றே மோட்டார் போட்டு இறைத்திருந்தும் அடியில் கணுக்கால் அளவு கிடந்தது. எழுபத்தோரு வயசில் ஏணிப்படி ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்கிறது. கேட்கட்டும். இறங்கினார். குளிர் முழங்காலுக்குள் ஏறியது. சுவரில் வழவழவென்று பச்சை. தேங்காய் நாரை ப்ளீச்சிங் பவுடரில் தோய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். மேலே சதுரமாக வானம், அதற்குள் ஒரு கம்பி. மூன்றாம் நம்பர் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், அவரே இழுத்துக் கட்டியது. இந்த வீட்டில் அவர் கை படாத ஒயர் ஒன்றுகூட இல்லை. இன்வெர்ட்டர் வாங்குங்கப்பா, இன்வெர்ட்டர் வாங்குங்கப்பா என்று வேணி ஆறு மாசம் சொன்னாள். ஃபோர்மேன் வீட்டுக்கு இன்வெர்ட்டரா, ஊர்க்காரன் சிரிக்கவா, என் லைனில் கரண்ட் போகாது என்றார். அன்றைக்குப் போகவில்லை. அதுதானே. குனிந்தபோது பையில் கிடந்த கட்டை நெஞ்சில் இடித்தது. பீங்கான். முதலில் சில்லென்று இருக்கும், அப்புறம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், வந்த பிறகு இருப்பதே தெரியாது. தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கூட வேலை பார்த்த சண்முகக்கனி கம்பத்தில் இருந்தான். கீழே பெட்டியில் கட்டையைப் பிடுங்கித் தரையில் வைத்துவிட்டு ஏறியிருந்தான். கடையில் மாவு மிஷின் ஓடவில்லை என்று எவனோ வந்து எடுத்துச் சொருகிவிட்டான். சண்முகக்கனியைக் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து ஆவுடையப்பன் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். கட்டை பையில் இல்லாமல் ஒயரில் கை வைக்காதே. தன்னிடம் பழக வந்த அத்தனை பேருக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார், சொல்லிக் கேட்காதவனை அறைந்திருக்கிறார். கொம்பையாவையே அறைந்திருக்கிறார். சௌந்தரம் கேலி செய்வாள். "பொண்டாட்டி போட்டோ வைக்கிற எடத்துல கரண்டுக் கட்டைய வச்சிக்கிட்டு அலையற மனுசன் ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்." அவள் சிரித்தால் கடைசி வருஷங்களில் இருமலில்தான் போய் முடியும். சிரிக்க வைக்காதீங்க என்று கையைக் காட்டுவாள். நாரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் சிமெண்ட் வெளுத்து வந்தது. பக்கத்தில் இன்னும் பச்சை. நாறியது.

"அண்ணாச்சி, ஒத்தையில கெணத்துக்குள்ள என்ன செய்யுதிய?" மேலே சதுரத்தில் ஒரு தலை. கொம்பையா. வருவான் என்று தெரியும். வரக்கூடாது என்று ராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டதும் உண்டு. இருபத்தைந்து மாசி ஒன்று வந்திருக்கிறான், போன வருஷம் மட்டும் கிளை வெட்டும் வேலை இருக்கிறது, மத்தியானம் வாரேன் என்றான். மத்தியானம் வந்தபோது வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. "கெணறு இல்ல வே, சம்ப்பு. கண்ணு தெரியலியா? வாளியத் தூக்கு." கொம்பையா கயிற்றைப் பிடித்தான். அழுக்குத் தண்ணீர் வாளி வாளியாக மேலே போயிற்று. இவர் மொண்டு ஊற்ற, அவன் இழுத்தான். கயிறு உரசுகிற சத்தம்தான். அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் கம்பத்தில் இருப்பதுபோல் ஒரு நிமிஷம் இருந்தது, கீழே ஒரு ஊர், மேலே வெயில், ஒருவன் உயிர் இன்னொருவன் பையில். ஏழாவது வாளியில் அவன் பேசினான். "வேணி பாப்பா நேத்து ஆபீஸுக்கு வந்திருந்தா அண்ணாச்சி." "ம்." "என்ஜினியரு ஏ.இ. கிட்ட நல்லா பேசிட்டா. டீச்சர்லா. எங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்தாத கொறதான்." அவன் சிரித்துப் பார்த்தான். இவர் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. பாப்பா கோவம் நியாயம்தான்." வாளி பாதியில் நின்றது. "ரிஜிஸ்டர்ல நான் பத்து நிமிசம்னு எழுதினது நெசம். பத்தே முக்காலுக்கு ஆஃப் பண்ணி, வேப்பங்கிளையத் தட்டிட்டு, ஒடனே போட்டேன். ஒங்க பொண்ணு நம்ப மாட்டேங்கு. ஆனா அண்ணாச்சி, அந்தப் பத்து நிமிசமே போதும்லா? மூச்சுக்கு எதுக்கு ரெண்டு மணி நேரம்? மதினி போனது அந்தப் பத்து நிமிசத்துலதானோன்னு எனக்கே தோணுது. அந்தக் கெளைய மறுநா வெட்டிருந்தா ஆகாமலா போயிருக்கும்." இருட்டில் ஆவுடையப்பன் நாரைப் பிழிந்தார். பச்சைத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி அக்குளில் போய் நின்றது. சொல்லிவிடலாம். குழிக்குள் இருந்து சொல்வது எளிது, முகம் தெரியாது. வே, அந்தப் பத்து நிமிஷம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை, நீ லைனை நிறுத்தினாலும் ஒன்றுதான், ஓட்டினாலும் ஒன்றுதான், என் வீடு அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே. "வாளிய இழு வே," என்றார். "பேச்சு அப்புறம்." கொம்பையா இழுத்தான். சம்ப் முடிந்ததும் கையைப் பிடித்து அவரைத் தூக்கிவிட்டான். மாவட்டத் தலைமை ஆபீஸுக்கு ஏதோ பேப்பர் கொடுக்கணுமாம், மேல்தொட்டிக்கு நிற்க முடியாது என்றான். வாசல் தாண்டியவன் திரும்பி, "கட்டைய எடுத்துட்டியளா?" என்று கேட்டான். எப்போதும் கேட்பதுதான். இவர் பையைத் தட்டிக் காட்டினார். அவனும் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படி. ஒன்பதில் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வருகிறது. வருகிறது என்பதே ஒரு மாதிரி இருந்தது. தொட்டிக்குள் தலையை விட்டுச் சுரண்டியபோது தன் மூச்சே எதிரொலித்துத் திரும்பி வந்தது, பெரிய சத்தமாக, அந்த ஆக்ஸிஜன் மிஷின் மாதிரி. மிஷின் ஒரு மாடு அசைபோடுகிறதுபோல ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். முதல் மாசம் தூங்க முடியவில்லை. அப்புறம் அது ஓடினால்தான் தூக்கம். "மிஷின் சத்தம் நின்னாத்தாங்க எனக்குப் பயம்," என்பாள். "கரண்டு போனா என்ன, சிலிண்டர் இருக்குல்லா," என்பார். கட்டில் பக்கத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிலிண்டர், கரண்ட் போனால் குழாயை அதில் மாற்றிவிடணும். அன்றைக்கும் மாற்றினார். கட்டையைப் பிடுங்குவதற்கு முன்னால் மாற்றினார், முறையாகத்தான் செய்தார், திருகைத் திறந்தார், உஸ்ஸென்று சத்தம் கேட்டது, போதும் என்று வந்துவிட்டார். சத்தம் கேட்டால் போதும் அவருக்கு. டிரான்ஸ்பார்மரின் முனகலை வைத்தே எண்ணெய் குறைவு என்று சொன்ன காது. சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் முன்னால் மழையில் கரண்ட் போய் பாதிச் சிலிண்டர் தீர்ந்திருந்தது. ஊர் மீட்டரையெல்லாம் குனிந்து பார்த்த மனுஷன், பொண்டாட்டி தலைமாட்டில் இருந்த ஒரு முள்ளைக் குனிந்து பார்க்கவில்லை. மோட்டாரைப் பிரித்தார், ஏறின தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடிக்கிற ஃபுட் வால்வின் வாஷர் கிழிந்திருந்தது. இந்தா வாரேன் சௌந்தரம், கடை வரைக்கும். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். போயிட்டு வாங்க என்றா, போகாதீங்க என்றா. இந்த ஒரு வருஷமாக அந்தக் கை தூக்கித்தான் இருக்கிறது, இறங்கவே இல்லை. மார்க்கெட் கடையில் பிளாஸ்டிக் வாஷர்தான் இருந்தது. தோல் வாஷர்தான் வேணும் என்று நின்றார். ஜங்ஷனுக்குப் போங்க அண்ணாச்சி என்றான். பஸ் ஏறினார். ஜங்ஷனில் கிடைத்தது. பழைய ஸ்டோர்கீப்பர் எதிரே வந்தான், ஒரு டீ. பிளாஸ்டிக் வாஷர் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். பேசும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கட்டை இருந்தது. வீட்டில் யாரும் கரண்டைப் போட முடியாது, பிரிச்சுப் போட்ட ஒயரை யாரும் தொட்டுவிட முடியாது, எல்லாம் பத்திரம் என்று. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த டீக்கடையில் அவர் சந்தோஷமாக இருந்தார்.

தொட்டியில் சுரண்டியது போதும். பித்தளைத் தூரிகை கையில் இருந்து நழுவி உள்ளே விழுந்து டங்கென்றது. எடுக்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது முள் சைபரில். அவள் தலையணையில் ஒருக்களித்து, செல்போன் கையில். வேணிக்கு ஒரு கால் போட்டிருந்தாள், பதினொன்று ஐம்பதுக்கு. வேணி ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு லேபில் இருந்தாள், போன் ஸ்டாஃப் ரூமில். அவருக்கும் போட்டிருக்கிறாள், இரண்டு கால். அவர் போன் மோட்டார் மூடிமேல் தோட்டத்தில் அடித்து ஓய்ந்திருக்கிறது. அப்புறம் அவர் என்ன செய்தார். டாக்டரைக் கூப்பிடவில்லை. முதலில் ஓடிப்போய்க் கட்டையைச் சொருகினார். குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி மிஷினில் மாட்டினார். மிஷின் அசைபோட ஆரம்பித்தது. அது ஓடுகிற சத்தம் கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரியாகிவிட்டது என்று நினைத்தார். அப்புறம்தான் வேணிக்குப் போன். "கரண்ட் இல்லம்மா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை அவளே எழுதிக்கொண்டாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, எதிர்வரிசை வேறு டிரான்ஸ்பார்மர், தெருமுனையில் வெட்டிப் போட்ட வேப்பங்கிளை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மறுப்பதற்கு அவருக்கு முந்நூற்றுச் சொச்சம் நாள் இருந்தது. பதினாறாம் நாள் கும்பிட்டு முடியட்டும் என்று முதலில். அப்புறம் அவளே மனு எழுதட்டும், கோபம் ஆறிவிடும் என்று. ஆறவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "நான் அந்தப் போனை எடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாப்பா. அவள அந்தப் போனைப் போட வச்சவன் எவனோ அவன நான் விட மாட்டேன்." போட வைத்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஊறுகாய் எடுத்துக்கொண்டிருந்தான். தினமும் இரண்டு வேளை அவள் கொண்டுவருகிற சோற்றைத் தின்கிறான். உண்மையைச் சொன்னால் அந்தச் சோறு இல்லை. சோறு கிடக்கிறது, அவள் இல்லை. சொல்லாவிட்டால் கொம்பையாவுக்குப் பென்ஷன் போகும், சொன்னால் அவருக்கு மகள் போவாள். இதில் எது பெரிது என்று தராசு பிடிக்கிற தைரியம் அவருக்கு எத்தனை மாசமாக இருக்கிறது.

கீழே இறங்கி எர்த் குழிக்கு உப்பைக் கொட்டினார். கரியை இடித்துப் போட்டார். தண்ணீரை விட்டார். மண் சுர்ரென்று உறிஞ்சியது. வருஷத்துக்கு ஒருமுறை இதைக் கொடுத்தால் தப்பி வருகிற கரண்டை மண் வாங்கிக்கொள்ளும், மனுஷன் மேல் ஏறாது. வாங்கிக்கொள்ளும். எல்லாத்தையும் வாங்கிக்கொள்ளும். வேணியிடம் என்ன வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்தார். அம்மாவை. இல்லை. அன்னைக்கு நான். இல்லை. கம்பத்திலிருந்து ஒருவனை இறக்கிய செய்தியை அவன் வீட்டுக்கு நாலு தடவை கொண்டுபோயிருக்கிறார், ஒரு தடவைகூட வாக்கியம் தேடியதில்லை. கேட்டில் ஸ்கூட்டர் சத்தம். பேனா எங்கே. மேஜையில்தான். கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டால்? தலை சுற்றுகிறது, படுத்திருக்கிறேன், நாளைக்குப் பார்ப்போம் என்றால்? நாளைக்குத்தான் விசாரணை. ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வேணி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் ஹெல்மெட். சுவிட்சைத் தட்டினாள். திரும்பத் தட்டினாள். "இப்பவும் கரண்ட் இல்லையா?" முகம் இறுகிவிட்டது, சௌந்தரம் மாதிரியே உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒரு உயிரு போயும் இவனுங்க திருந்தல பாருங்க. நாளைக்கு விசாரணய வச்சிக்கிட்டு இன்னைக்கும் நிறுத்துறான். திமிருப்பா இது." போனை எடுத்துக் கம்ப்ளெயிண்ட் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். "வேணி." "இருங்கப்பா." "கரண்ட் இருக்கு." "எங்க இருக்கு? ஃபேன் ஓடல, ஃப்ரிட்ஜ் ஓடல, எங்கப்பா இருக்கு?" ஆவுடையப்பன் பையிலிருந்து கட்டையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் வாங்கினாள். பார்த்தாள். முதலில் சிரித்தேவிட்டாள். "ஓ, மாசி ஒண்ணா இன்னைக்கு. மறந்தே போச்சு. உங்க சட்டம்லா இது, பையில வச்சிக்கிட்டு..."

சிரிப்பு அங்கே நின்றது. திதி போன வாரமே கொடுத்தாயிற்று, ஐயர் குறித்த நாளில். சௌந்தரம் போன நாளை இந்த வீட்டில் யாரும் மாசி ஒன்று என்று சொன்னதில்லை, திதி ஒரு கணக்கு, மனுவில் இங்கிலீஷ் தேதி இன்னொரு கணக்கு. வேணி மேஜைக்குப் போய்க் காகிதத்தை எடுத்தாள். பிப்ரவரி பதின்மூன்று. சுவரில் காலண்டரைப் பார்த்தாள். இன்றைக்கு அதே பதின்மூன்று, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மாசி 1. சொல்ல வேண்டியது அவள் கையில் இருந்தது. அவள் போய் மீட்டர் பெட்டியின் மரக்கதவைத் திறந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளைத் தூக்கிப் பிடித்துத்தான் அதில் இரண்டு மூன்று வருஷம் எழுத வைத்தார். அவள் கோணல் எழுத்து மேலே இருக்கிறது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து நின்றது. "ஒன்பது முப்பத்தஞ்சு," என்று படித்தாள். லேபில் பிள்ளையிடம் ரீடிங் கேட்கிற குரலில், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "போட்டது எப்ப?" அவர் நூலைப் பிடித்துப் பென்சிலை இழுத்தார். அவள் தோளுக்கு மேல் கையை நீட்டி, ஒரு வருஷம் காலியாகக் கிடந்த இடத்தில் எழுதினார். 12.10. எண்கள் ஒழுங்காக விழுந்தன. அதுதான் அவருக்கு அசிங்கமாக இருந்தது. "கொம்பையா பத்து நிமிசம்தான் நிறுத்தினான்," என்றார். "அது நெசம். நீ போனை எடுத்திருந்தாலும்..." எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது. வேணி கதவைச் சாத்தினாள், மெதுவாக, உள்ளே யாரோ தூங்குகிறதுபோல. காகிதத்தை நாலாக மடித்தாள். ஹெல்மெட்டை எடுத்தாள். தூக்குச்சட்டியைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். வாசல்வரை போனாள். "கொம்பையா அண்ணன் வீடு இன்னும் குலவணிகர்புரத்துலதான?" என்று கேட்டாள். "ஆமா." அவ்வளவுதான். அப்பா என்று சொல்லவில்லை. ஸ்கூட்டர் கிளம்பி, தெருமுனையில் ஒருமுறை உறுமி, போய்விட்டது. ஆவுடையப்பன் பையைத் தொட்டார். பழக்கம். கட்டை இல்லை. காகிதத்தோடு சேர்த்து அவள் கையிலேயே போய்விட்டது. ஒரு துண்டு ஒயர் இருந்தால் போதும், கட்டை இல்லாமலே அவருக்குக் கரண்ட் கொடுக்கத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே ஃபேன் இறக்கை மூன்றும் அசையாமல் நின்றன. பெட்டிக்குள் இந்த வருஷத்து வரி, 9.10, பக்கத்தில் வெறும் மரம்.